என்விடியா லினக்ஸ் டிரைவர்: கெர்னல் அப்டேட்டைத் தாங்குமா?

கோவை கணபதி, பீளமேடு பக்கம் பம்பு பேட்டர்ன் வரைகிற சிறு பட்டறைகளிலும், திருப்பூரில் பனியன் பிரிண்ட் டிசைன் செய்கிற அலுவலகங்களிலும் ஃப்ரீகேட், பிளெண்டர், இங்க்ஸ்கேப் ஓடும் லினக்ஸ் மெஷின்கள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பவருக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “ஏனுங்க, நேத்து சாயந்திரம் நல்லா ஓடுச்சுங்க, காத்தால போட்டா ஸ்கிரீன் கருப்பா நிக்குதுங்க.” இடையில் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, அப்டேட் ஆகியிருக்கும். பழி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும், சில இடங்களில் புதுக் கார்டே வாங்கிவிடுவார்கள். கார்டில் குறை இருப்பது அபூர்வம்.

அதனால் இந்த மதிப்பீட்டில் கேம் வேகம், ஃபிரேம் கணக்கு எதுவும் இல்லை. என்விடியா டிரைவரை எந்த வழியில் நிறுவினால் கெர்னல் மாறும்போதும் நிற்கிறது என்பதுதான் கேள்வி. சூடா எனப்படும், கார்டிலேயே ஓடும் கணக்குகளுக்கும் பிளெண்டரின் ஆப்டிக்ஸ் ரெண்டரிங்குக்கும் இந்த டிரைவர் மிக நல்ல பொருள். ஆனால் அதே டிரைவர், அதே கார்டு, நிறுவிய வழி மட்டும் வேறு என்றால் ஒரு மெஷின் வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடும், பக்கத்து மெஷின் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் படுக்கும்.

காரணம் எளிது. என்விடியாவின் கெர்னல் மாட்யூல் (கெர்னலோடு இணைந்து ஓடும் டிரைவர் துண்டு) லினக்ஸ் கெர்னலுக்குள் இல்லை, வெளியிலிருந்து வந்து ஒட்டுகிறது. ஒவ்வொரு மாட்யூலும் ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்புக்கென்றே கட்டப்படுகிறது. பம்பின் கேசிங் மாறினால் பழைய இம்பெல்லர் உட்காராதது போல, கெர்னல் பதிப்பு மாறினால் பழைய மாட்யூல் உட்காராது. அப்படியானால் புதுக் கெர்னலுக்கு மாட்யூலை யார் கட்டித் தருவது? இதற்கு உங்கள் மெஷினில் என்ன ஏற்பாடு இருக்கிறதோ அதுதான் உங்கள் டிரைவரின் தரம்.

என்விடியா 2022 மே மாதம் 515 பதிப்போடு தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன் பிறகு இந்தச் சிக்கலே தீர்ந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஓப்பன் மாட்யூலும் கெர்னலுக்கு வெளியேதான் இருக்கிறது, அதையும் ஒவ்வொரு கெர்னலுக்கும் கட்டியாக வேண்டும். உரிமம் சார்ந்த தடைகள் நீங்கியது மட்டும் உண்மையான லாபம்.

முதல் வழி: உபுண்டுவின் கட்டி முடித்த மாட்யூல்

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா’ என்று தொடங்கும் பேக்கேஜ்களில், ஒவ்வொரு கெர்னலுக்கும் உரிய மாட்யூலை உபுண்டுவே கட்டி, தன் சாவியால் கையெழுத்திட்டு அனுப்புகிறது. உங்கள் மெஷினில் கம்பைல் எதுவும் நடக்காது, கையெழுத்தில்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட்டும் தகராறு செய்யாது. ‘சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ என்ற கமாண்ட், இந்தப் பேக்கேஜ் கிடைக்கும் இடத்தில் இதையே தேர்ந்தெடுக்கும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பேக்கேஜ் பெயரின் வாலும் கெர்னலின் வகையும் ஒத்துப்போக வேண்டும். உபுண்டு 24.04 டெஸ்க்டாப்பில் கெர்னல், புது வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ வரிசையில் வரும்: 6.8 என்று தொடங்கி 6.11, 6.14 என்று ஏறிக்கொண்டே போகும். நீங்கள் வெறும் ‘ஜெனரிக்’ என்று முடியும் மாட்யூல் பேக்கேஜைப் போட்டிருந்தால் அது 6.8 வரிசையோடு நின்றுவிடும், கெர்னல் மட்டும் மேலே போய்விடும். ‘ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04’ என்று முடியும் பேக்கேஜ்தான் கெர்னலோடு சேர்ந்து நகரும். வேகத்துக்காக வெளி ஆட்கள் கட்டிய கெர்னலைப் போடுகிறவர்களுக்கும் இந்த வழி உதவாது, அவற்றுக்குக் கட்டி முடித்த மாட்யூல் வராது.

இரண்டாம் வழி: டிகேஎம்எஸ்

டெபியன் மெஷின்களும், ஆர்ச், உபுண்டு மெஷின்களில் பலவும் இதில்தான் ஓடுகின்றன. டிரைவரின் மூலக் குறியீடு மெஷினிலேயே இருக்கும். புதுக் கெர்னல் நிறுவப்பட்டதும் டிகேஎம்எஸ் அதற்கேற்ற மாட்யூலைத் தானே கட்டும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் தரும் ‘ஏகேமாட்’ இதே வேலையைச் செய்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கட்டுவதற்குத் தேவையானவை எல்லாம் கையில் இருந்தால் மட்டும்.

முதலில் குறைவது ஹெடர் பேக்கேஜ், அதாவது மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் விவரக் கோப்புகள். டெபியனில் பலர் வழிகாட்டிகளைப் பார்த்து, அன்றைக்கு ஓடும் கெர்னல் பதிப்புக்கான ஹெடரை மட்டும் நிறுவிவிடுகிறார்கள். அன்று வேலை செய்யும். அடுத்த கெர்னல் வரும்போது அதற்கான ஹெடர் வராது, டிகேஎம்எஸ் சத்தமில்லாமல் விட்டுவிடும். ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ என்ற மெட்டா பேக்கேஜை நிறுவினால் ஒவ்வொரு கெர்னலோடும் ஹெடரும் தானாக வரும். பெயரில் ஏஎம்டி என்று இருந்தாலும் இன்டெல் சிபியுவுக்கும் இதுதான். உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஜெனரிக்’ கெர்னலையும் ஹெடரையும் சேர்த்தே இழுத்து வரும், ‘லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக்’ கெர்னலை மட்டும்தான் தரும். இதைச் சரிசெய்தாலே பெரும்பாலான கருப்புத் திரைகள் தீரும்.

அடுத்தது, மூலக் குறியீட்டிலிருந்து மாட்யூலைக் கட்டும் கம்பைலர், அதாவது ஜிசிசி. உபுண்டு 22.04இல் 6.5 கெர்னல் வந்தபோது அது ஜிசிசி 12இல் கட்டப்பட்டிருந்தது, மெஷினில் இயல்பாக இருந்ததோ ஜிசிசி 11. ஒரு கம்பைலர் ஆப்ஷன் தெரியவில்லை என்று சொல்லி டிகேஎம்எஸ் நின்றது. ஜிசிசி-12 பேக்கேஜை நிறுவி, மாட்யூலை மறுபடி கட்டச் சொன்னால் போதும், முடிந்தது.

மூன்றாவது, டிரைவரே அந்தக் கெர்னலுக்குப் பொருந்தாமல் போவது. 2024 பிப்ரவரியில் டெபியன் 12.5 வெளியானபோது, அதனுடன் வந்த 6.1.76 கெர்னலில் ஒரு மாற்றத்தால் என்விடியாவின் மூடிய மாட்யூல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்துக்கு மட்டுமான ஒரு செயல்பாட்டைத் தொட வேண்டி வந்தது. மாட்யூல் கட்டவே முடியவில்லை. இது நிலையான பதிப்புக்குள் வந்த சிறு அப்டேட். ‘ஸ்டேபிள் தானே’ என்று நம்பி அப்டேட் கொடுத்தவர்களும் அன்று சிக்கினார்கள். திருத்திய டிரைவர் பேக்கேஜ் வரும்வரை பழைய கெர்னலில் இருப்பதே வழி.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ கேளுங்கள். ‘இன்ஸ்டால்டு’ என்று உங்கள் கெர்னல் பதிப்போடு வந்தால் சரி. ‘பில்ட்’ என்றால் கட்டியாயிற்று, இடத்தில் வைக்கப்படவில்லை. ‘ஆடட்’ என்று மட்டும் இருந்தால் கட்டவே இல்லை. கட்டும்போது தோற்றிருந்தால், வார் கோப்புறைக்குள் லிப், அதற்குள் டிகேஎம்எஸ், என்விடியா, பதிப்பு எண், பில்ட் என்று உள்ளே போனால் ‘மேக்.லாக்’ இருக்கும். அதன் கடைசி வரியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மேலிருந்து வந்து, ‘எரர்’ என்ற சொல் முதலில் எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும், கீழே வருவதெல்லாம் அதன் விளைவு. சரிசெய்த பிறகு ‘சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’.

ஃபெடோராக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அப்டேட் முடிந்ததும் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். மாட்யூல் பின்னணியில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். ‘மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா’ கேட்டு, பதிப்பு எண் வந்த பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மூன்றாம் வழி: ‘.ரன்’ கோப்பு

என்விடியா தளத்திலிருந்து நேராக இறக்கி நிறுவும் கோப்பு. வேலைக்கு வைத்திருக்கும் மெஷினில் இதைப் போடவே போடாதீர்கள். நிறுவும்போது டிகேஎம்எஸ்ஸில் பதியலாமா என்ற கேள்விக்குச் சம்மதிக்காவிட்டால், அடுத்த கெர்னலுக்கு மாட்யூல் கட்ட ஆளே இல்லை. அதோடு இது கோப்புகளைப் பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாமல் வைக்கிறது. பின்னால் ஏபிடி என்ற பேக்கேஜ் மேலாளர் வழியாக இன்னொரு பதிப்பு வந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஏற்கெனவே போட்டிருந்தால் ‘சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்’ கொடுத்து முழுதாக நீக்கிவிட்டு, பிறகு பேக்கேஜ் வழிக்கு மாறுங்கள். நீக்காமல் மேலேயே போடுவதுதான் அதிக நேரத்தை விழுங்கும்.

திரை கருப்பாக நின்றால்

ரீஸ்டார்ட் செய்து, யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் எஸ்கேப், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட் அழுத்தி, கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவைக் கொண்டுவாருங்கள். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை வந்துவிட்டால் கார்டு, கேபிள், மானிட்டர் எல்லாம் நலம், அன்றைய வேலையை அதிலேயே முடிக்கலாம். அதுவும் வராவிட்டால், கிரப் மெனுவில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ சேர்த்து எஃப்10 கொடுங்கள். உள்ளே போனதும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை கிடைக்கும்.

பிரச்சினை உள்ள கெர்னலிலேயே ‘சூடோ மாட்புரோப் என்விடியா’ கொடுத்துப் பாருங்கள். அது தரும் பதிலே நோயைச் சொல்லிவிடும். ‘மாட்யூல் நாட் ஃபவுண்டு’ என்றால் இந்தக் கெர்னலுக்கு மாட்யூல் கட்டப்படவில்லை. ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்றால் செக்யூர் பூட் தடுக்கிறது. ‘நோ சச் டிவைஸ்’ என்றால் இந்தப் பதிப்பு உங்கள் கார்டை ஏற்கவில்லை, அல்லது கெர்னலோடு வரும் திறந்த மூல நூவோ டிரைவர் முந்திக்கொண்டு கார்டைப் பிடித்திருக்கிறது.

செக்யூர் பூட் சிக்கலுக்கு, அதை பயாஸில் அணைத்துவிடச் சொல்வார்கள். மாட்யூலுக்குக் கையெழுத்திடும் சாவியைப் பதிவதே மேல். உபுண்டுவில் வார், லிப், ஷிம்-சைன்டு, மோக் என்ற பாதையில் ‘மோக்.டெர்’ இருக்கும். ‘மோக்யூடில்’ கமாண்டில் ‘இம்போர்ட்’ கொடுத்து அதைச் சேர்த்தால் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை வரும், அதில் ‘என்ரோல் மோக்’ தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்த நீலத் திரை கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். டீ குடிக்கப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து.

திரை நன்றாக வந்து, ‘என்விடியா-எஸ்எம்ஐ’ மட்டும் ‘டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று சொன்னால் பதற வேண்டாம். தானியங்கி அப்டேட் லைப்ரரிகளை மாற்றியிருக்கும், நினைவகத்தில் பழைய மாட்யூலே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ரீஸ்டார்ட் போதும்.

லேப்டாப்பில் கதை வேறு. திரையை இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள் கிராபிக்ஸ் ஓட்டுவதால் கருப்பாகாது. பிளெண்டரில் சூடா, ஆப்டிக்ஸ் பட்டியல் காலியாக இருக்கும். பல மாடல்களில் எச்டிஎம்ஐ துளை என்விடியா கார்டோடு இணைந்திருப்பதால் வெளி மானிட்டரும் புரொஜெக்டரும் வராது. கேபிளை மாற்றிப் பார்க்கும் முன் டிரைவரைப் பாருங்கள்.

நம் ஊருக்கு அவசியமான ஒன்று: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் அப்டேட்டைக் காலையில் தொடங்காதீர்கள். பேட்டரி தேய்ந்த யுபிஎஸ்ஸை நம்பியும் தொடங்க வேண்டாம். மாட்யூல் கட்டும்போதோ பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை எழுதும்போதோ கரண்ட் போனால் புதுக் கெர்னல் பாதியில் நிற்கும், ரூட் டிஸ்க்கை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் பேனிக் வரும். பழைய கெர்னலில் நுழைந்து ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அதன் பின் ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்’ கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். பூட் பகுதி தனியாக, சிறியதாக இருந்தால் அது நிறைந்தும் இதே கோளாறு வரும். ‘சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ பழைய கெர்னல்களை அகற்றும், முந்தைய ஒன்றையாவது கட்டாயம் மிச்சம் வையுங்கள்.

எந்தக் கார்டு

செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 நிறைய கைமாறுகின்றன. இந்த பாஸ்கல் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய மேக்ஸ்வெல்லுக்கும் 580தான் கடைசி டிரைவர் வரிசை. ஓப்பன் மாட்யூல் இவற்றில் ஓடாது, அதற்கு டூரிங், அதாவது ஜிடிஎக்ஸ் 16 அல்லது ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதல் வேண்டும். 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் 590க்கு மாறியபோது, கவனிக்காமல் அப்டேட் செய்த பாஸ்கல் மெஷின்கள் டிரைவர் இல்லாமல் நின்றன. கையில் இருக்கும் கார்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, 580 வரிசையில் நிறுத்தி ஓட்டலாம். புதிதாகக் காசு போடுவதாக இருந்தால் டூரிங்குக்குக் கீழே போகாதீர்கள்.

பில் போடும் மெஷின்களில் இருக்கும் ஜிடி 710க்கு 470தான் கடைசி வரிசை, புதுக் கெர்னல்களில் அது ஒட்டுத் திருத்தம் இல்லாமல் கட்டப்படாது. அங்கே என்விடியா டிரைவரை நீக்கிவிட்டு, கெர்னலோடு வரும் நூவோவை ஓட விடுங்கள். டேலி ஷீட்டும் பிரவுசரும் பார்க்க அது தாராளம்.

சூடா தேவையே இல்லை, ஃப்ரீகேட் வரைபடமும் இரண்டு மானிட்டரும் போதும் என்கிறவர்கள் ஏஎம்டி கார்டு வாங்கலாம். ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015இல் 4.2 பதிப்பு முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக மாட்யூல் கட்டும் வேலை கிடையாது. மிகப் புதிய கார்டைப் பழைய கெர்னலில் செருகினால், அல்லது ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ பேக்கேஜ் பழையதாக இருந்தால் மட்டும் திரை வராமல் போகும். பிளெண்டரில் தினமும் ரெண்டர் எடுப்பவர்களுக்கும், கல்லூரியில் சூடா படிக்கும் பிள்ளைகளுக்கும் என்விடியாதான். அவர்கள் உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), கட்டி முடித்த மாட்யூல், டூரிங் அல்லது அதற்குப் பிந்தைய கார்டு என்று அமைத்துக்கொண்டால் இந்த டிரைவருக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். டிகேஎம்எஸ் வழியில், ஹெடர் மெட்டா பேக்கேஜ் இருந்தால் நாலு, இல்லாவிட்டால் இரண்டு. ‘.ரன்’ கோப்பு வழிக்கு ஒன்று.