ஷிபா இனுவுக்கு ஏற்ற இடம்: வெள்ளவத்தையில் ஒரு நாய்ப் பராமரிப்பு நிலையம்

கொழும்பில் ஷிபா இனு என்னும் ஜப்பானிய இன நாயை வளர்ப்பவர்கள் அதிகமில்லை. அந்த இனத்தின் உரோமத்தையும் குணத்தையும் விளங்கிக்கொண்டு வேலை செய்பவர்களோ மிகக் குறைவு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இயங்கும் இந்தச் சிறிய நிலையத்தை நம்பிக்கையோடு பரிந்துரைக்கிறேன். முதற்காரணம், இவர்கள் ஷிபாவின் உரோமத்தை மழிக்கமாட்டார்கள்.

ஷிபாவுக்கு உரோமம் இரண்டு அடுக்கு. மேலே நேரான, விறைப்பான உரோமம். அதன் அடியில் பஞ்சு போன்று அடர்ந்த உள்ளுரோமம். ஜப்பானின் மலைப்பகுதிகளில் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடப் பயன்பட்ட நாய் இது. குளிரைத் தாங்குவதற்கு உள்ளுரோமம் உதவுகிறது. வெயில் தோலில் நேரடியாகப் படாமல் மேலுரோமம் காக்கிறது. பருவங்கள் தெளிவாக மாறும் நாடுகளில் ஆண்டுக்கு இரு தடவை உள்ளுரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். கொழும்பில் அப்படிப் பருவம் பிரிந்து வராததால், எங்கள் வீட்டில் அது ஆண்டு முழுவதும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. முன்னர் சென்ற வேறோர் இடத்தில், "இந்த வெக்கைக்கு வழிச்சு விடுறதுதான் நல்லது" என்று சொல்லிக்கொண்டே இயந்திரத்தைக் கையில் எடுத்தார்கள். இங்கோ, பணியாளர் முதுகு உரோமத்தை விரல்களால் பிரித்துத் தோலைப் பார்த்தபின், "வெட்டினால் இதே மாதிரித் திரும்ப வளரும் எண்டு சொல்லேலாது, அக்கா. உள்ளுக்குள்ள கழண்டு கிடக்கிறதை மட்டும் சீவி எடுப்பம்" என்றார்.

அவ்வாறே செய்தார். குளிப்பாட்டுவதற்கு முன்பே நீண்ட பற்களுள்ள சீப்பினால் தொடையின் பின்புறம், கழுத்து, சுருண்ட வாலின் அடி என ஒவ்வொரு பகுதியாகப் பொறுமையுடன் சீவினார். குளிப்பாட்டிய பின்னர் தோல்வரை ஈரமே இல்லாதபடி உலர்த்தினார். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நம் ஊர்க் காற்றில் ஈரப்பதன் அதிகம், உள்ளுரோமத்தில் நீர் தங்கிவிட்டால் தோல் புண்ணாகிவிடும். ஒவ்வாமையால் வரும் தோல் அழற்சியும் இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுவது. வயிற்றுப் பக்கத்தில் சிறு சிவப்பைக் கண்டதும், விலை கூடிய ஷாம்பு எதையும் விற்க முயலாமல், மிருக வைத்தியரிடம் காட்டும்படி சொன்னார்கள். காது மடலுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடினார்கள். உண்ணிக் காய்ச்சல் நாய்களைக் கொல்லும் இந்த நாட்டில் அது சிறிய உதவியன்று.

குணத்துக்கு வருவோம். ஜப்பானிய நாய் இனங்களைக் காப்பதற்காக 1928இல் தொடங்கப்பட்ட நிப்போ என்னும் சங்கம், உருவத்தோடு துணிவு, நற்குணம், எளிமை ஆகியவற்றையும் இந்நாய்களிடம் எதிர்பார்க்கிறது. 1936இல் ஜப்பானின் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஷிபா, இரண்டாம் உலகப் போரினாலும் அதன்பின் பரவிய டிஸ்டெம்பர் என்னும் நாய்த் தொற்றுநோயினாலும் அருகிப்போய், எஞ்சிய நாய்களைக் கொண்டு மீட்டெடுக்கப்பட்டது. ஆண் நாயே ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் உயரந்தான். ஆனால் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. பிடிக்காத இடத்தில் தொட்டால், குறிப்பாக நகம் வெட்டும்போது, அடி விழுந்ததுபோல வீறிட்டு அலறும். அந்த அலறலைக் கேட்டதும் இருவர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதுதான் பல இடங்களின் வழக்கம். அப்படிச் செய்தால் ஷிபா அந்த இடத்தை மறப்பதில்லை. இங்கே நகவெட்டியை மோந்து பார்க்க விட்டு, ஒரு காலை முடித்ததும் கீழே இறக்கி நடக்க விட்டு, அதன்பிறகே அடுத்த காலைத் தொட்டார்கள். நேரம் கூடத்தான் எடுத்தது. கட்டணமும் குட்டை உரோம நாய்களுக்கானதைவிட அதிகம். அந்தப் பொறுமைக்கு அது தகும் என்பது என் முடிவு.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. ஒழுங்கைக்குத் திறக்கும் கதவு ஒன்றே. உள்ளே இரண்டாவது தடுப்பு இல்லை. கழுத்துப் பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடுவதில் ஷிபா கைதேர்ந்தது. ஓடிவிட்டால் கூப்பிட்டாலும் வராது. சற்றுத் தூரத்திலேயே காலி வீதியின் பேருந்துகள். காத்திருக்கும் இடமும் ஒடுக்கமாக இருப்பதால் மற்ற நாய்களோடு முகத்துக்கு முகம் நிற்க நேர்கிறது. அதை ஷிபாக்கள் பல விரும்புவதில்லை. உட்கதவு ஒன்று போடும்படி உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை மார்புப் பட்டியையும் கழுத்துப் பட்டியையும் சேர்த்தே மாட்டி, கூட்டமில்லாத காலை வேளையைத் தொலைபேசியில் பதிந்துகொண்டு செல்லுங்கள்.