டிராயிங்கிலிருந்து டோட்டல் ஸ்டேஷனுக்கு: ஆட்டோகேட்டின் டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன் பற்றி ஒரு மதிப்பீடு

இருநூறு பைல்கள் கொண்ட ஓர் அடித்தள டிராயிங்கைத் திறந்து, ஒவ்வொரு வட்டத்தின் மையத்தையும் ஐடி கட்டளையால் தொட்டு, கீழே தெரியும் ஆயங்களைத் (எக்ஸ், ஒய், இசட் எண்களை) தாளில் எழுதி, பிறகு அவற்றை டோட்டல் ஸ்டேஷனில் (தளத்தில் கோணமும் தூரமும் அளந்து புள்ளிகளைக் குறிக்க உதவும் கருவி) ஒவ்வொன்றாகத் தட்டிய நாட்கள் எனக்கு உண்டு. (இங்கே பைல் என்பது மண்ணுக்குள் இறங்கும் அடித்தளத் தூண், கணினியில் இருப்பதைக் கோப்பு என்றே எழுதுகிறேன்.) அந்தச் சுமையை வரைவு மென்பொருளான ஆட்டோகேட்டில், டிராயிங்கிலுள்ள தகவலைப் பட்டியலாக எடுத்துத் தரும் டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன் எவ்வளவு தூரம் குறைக்கிறது என்பதே இந்த மதிப்பீடு. டிராயிங்கை வரைந்தவர் ஒழுங்காக வரைந்திருந்தால் மிக நம்பகமான வழி இது. அவர் அவசரத்தில் வரைந்திருந்தால், பாதி வேலையை இது நம் தலையிலேயே கட்டிவிடும்.

ஆட்டோகேட் 2008 பதிப்பில் வந்த இந்த வசதி, எட்டுப் பக்கங்கள் கொண்ட ஒரு வழிகாட்டியாகத் திறக்கும். எந்த டிராயிங், எந்தப் பொருள்கள், அவற்றின் எந்தப் பண்புகள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, முடிவில் டிராயிங்கிலேயே ஓர் அட்டவணையாகவோ, எக்ஸெல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாகவோ தந்துவிடும். புள்ளிகளுக்கும் பிளாக்குகளுக்கும் (பல கோடுகளை ஒரே பொருளாகச் சேர்த்த குறிகள்) நிலையின் எக்ஸ், ஒய், இசட் மதிப்புகளும், வட்டங்களுக்கு மையத்தின் மதிப்புகளும் கிடைக்கும். நாம் தேர்ந்தெடுத்தவை அனைத்தும் டி.எக்ஸ்.இ. என்ற தனிக் கோப்பில் சேமிக்கப்படுவதால், திருத்திய டிராயிங் வரும்போது அதே அமைப்பை மறுபடியும் ஓட்டினால் போதும். வாரம் ஒரு திருத்தம் வரும் வேலைகளில் இதன் அருமை தெரியும்.

இதன் உண்மையான சோதனை புள்ளியின் பெயரில்தான் இருக்கிறது. பைல் எண் பிளாக்கின் அட்ரிபியூட்டாக, அதாவது பிளாக்கோடு ஒட்டிய தகவலாக, எழுதப்பட்டிருந்தால், எண்ணும் ஆயமும் ஒரே வரியில் வந்து நிற்கும், வேறெதுவும் செய்யவேண்டியதில்லை. ஆனால் நம் கைக்கு வரும் டிராயிங்குகளில் பெரும்பாலானவற்றில் வட்டம் தனியாகவும், அதன் அருகே எண் வெறும் எழுத்தாகவும் இருக்கும். கண்ணுக்கு அவை இரண்டும் ஒன்று. கோப்புக்கு அவை உறவே இல்லாத இரண்டு பொருள்கள். ஆகவே வட்டங்களின் ஆயங்கள் ஒரு கூட்டமாகவும், எழுத்துகள் அவற்றின் சொந்த ஆயங்களோடு இன்னொரு கூட்டமாகவும் வரும், எந்த எண் எந்த வட்டத்துக்கு உரியது என்று இந்தக் கட்டளை சொல்லாது. மட்டத்துக்கும் (உயரத்துக்கும்) இதே கதிதான்: புள்ளியின் அருகே 101.350 என்று எழுதியிருக்கும், ஆனால் புள்ளியின் இசட் மதிப்பு பூச்சியமாக இருக்கும். பிளாக்காகவே இருந்தாலும், அதன் நிலையைக் குறிக்கும் அடிப்புள்ளி வட்டத்தின் மையத்தில் இருக்கிறதா என்று ஒன்றிரண்டையாவது தொட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அடிப்புள்ளி ஓரத்தில் இருந்தால் எல்லா பைல்களும் ஒரே அளவு தள்ளிப்போகும்.

பாலிலைனாக (ஒரே தொடர் கோடாக) வரைந்த மனை எல்லையின் முனைகளை இது தருவதில்லை. அதற்கு லிஸ்ட் கட்டளையையோ ஆட்டோகேட்டுக்குள் ஓடும் ஒரு லிஸ்ப் நிரலையோதான் நாடவேண்டும். கட்டடத்துக்கு ஏற்ப யு.சி.எஸ்.ஸைச் (நாமே அமைத்துக்கொள்ளும் ஆய முறையை) சுழற்றி வைத்திருந்தாலும், வெளியே வருவது டிராயிங்கின் மாறாத உலக ஆய முறையின் எண்களே. மில்லிமீட்டரில் வரைந்த டிராயிங்கை மீட்டருக்கு மாற்ற, வழிகாட்டிக்குள்ளேயே ஒரு சூத்திரப் பத்தியைச் சேர்த்து ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ் என்பது கிழக்கு, ஒய் என்பது வடக்கு. இந்தக் கட்டளை தரும் வரிசை அதுவே. டோட்டல் ஸ்டேஷன்களில் பரவலாகப் புழங்கும் வரிசையோ எண், வடக்கு, கிழக்கு, மட்டம், விவரம் என்பது. யு.டி.எம். (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) ஆயங்களில் இந்த இடமாற்றம் உடனே கண்ணில் பட்டுவிடும், ஏனெனில் சென்னை அடங்கும் 44ஆம் மண்டலத்தில் வடக்கு மதிப்பு ஏழு இலக்கமாகவும் கிழக்கு மதிப்பு ஆறு இலக்கமாகவும் இருக்கும். நான் மாட்டிக்கொண்டது உள்ளூர் ஆயத்தில். கருவி நின்ற புள்ளிக்கு 1000, 1000 என்று கொடுத்திருந்தோம், பத்திகளை மாற்றாமலே கோப்பை ஏற்றிவிட்டேன். முளைகள் அடித்தாயிற்று, டேப் பிடித்துப் பார்த்தால் பைலுக்கு பைல் இடைவெளி மில்லிமீட்டர் பிசகவில்லை, கருவியிலிருந்து தூரமும் சரியாக இருந்தது. எக்ஸையும் ஒய்யையும் மாற்றுவது ஒரு கண்ணாடிப் பிம்பம் போன்றது என்பதால் நீளங்கள் எதுவும் மாறுவதில்லை. "சார், முளை காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போகுதே" என்று பிரிசம் (கருவி குறிபார்க்கும் கண்ணாடி) பிடித்த தம்பி குரல் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து கருவி நிற்கும் புள்ளிக்கு வடக்கு 5000, கிழக்கு 1000 என்று வேறுபட்ட எண்களையே கொடுக்கிறேன்.

சி.எஸ்.வி. கோப்பை எக்ஸெல்லில் இருமுறை சொடுக்கித் திறப்பதும் ஆபத்தானது. பைல் எண் 12-3 என்றிருந்தால், எக்ஸெல் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு 12-மார்ச் என்று மாற்றிவிடும். அந்தப் பத்தியை எழுத்து வகை என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்வதே பாதுகாப்பு. இன்னொன்று: வழிகாட்டியில் எண்ணிக்கைப் பத்தி தேவையற்றது போலத் தோன்றும், ஆயினும் ஒரே வரிகளை இணைக்கும் தேர்வோடு அதையும் வைத்துக்கொண்டால், ஒன்றின்மேல் ஒன்றாக நகலெடுத்து வைக்கப்பட்ட வட்டங்கள் 2 என்று காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இந்தக் கட்டளையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

ஆட்டோகேட்டின் எளிய பதிப்பான எல்.டி.யில் இந்த வசதி கிடையாது. சிவில் பொறியியலுக்கான சிவில் 3டி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. அதில் புள்ளிகளை நேரடியாகவே வடக்கு-கிழக்கு வரிசையில் ஏற்றுமதி செய்யலாம். எண்ணும் வட்டமும் பிரிந்து கிடக்கும் டிராயிங்குக்கு நான் இப்போது பயன்படுத்துவது இலவச வரைபட மென்பொருளான கியூஜிஸ்: டிராயிங்கின் டி.எக்ஸ்.எஃப். (பிற மென்பொருள்களும் படிக்கும் வடிவ) கோப்பைத் திறந்து, புள்ளிகளையும் எழுத்துகளையும் பிரித்து, மிக அருகிலுள்ளதோடு இணைக்கும் கருவியை ஓட்டினால் எண்கள் தத்தம் புள்ளியோடு சேர்ந்துகொள்கின்றன. நெருக்கமாக நிற்கும் பைல் கூட்டங்களில் அதுவும் பக்கத்துப் பைலின் எண்ணைப் பிடித்துக்கொள்வதுண்டு, ஆகவே மூலைகளில் உள்ள பைல்களை டிராயிங்கோடு ஒப்பிடாமல் நான் கோப்பைக் கருவியில் ஏற்றுவதில்லை.