சீக்காவா, பத்ரியா: தமிழ் கிரிக்கெட் ஒளிபரப்பில் யார் பேச்சு உருப்படி?

ஐபிஎல் வந்துவிட்டால் தமிழ் கமெண்டரி கேட்பவர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். மூவரும் முன்னாள் இந்திய வீரர்கள்: கலகலப்புக்கு ‘சீக்கா’ ஸ்ரீகாந்த், விளக்கத்துக்கு ‘பத்ரி’ என்கிற பத்ரிநாத், அபினவ் முகுந்த். என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு.

சீக்காவைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரு அணியிலும் அதிகபட்சமான 38 ரன் அவருடையது. 2011 கோப்பையை வென்ற அணியைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவரும் அவரே. அணியில் யாரை வெளியே உட்கார வைக்கலாம் என்று கேட்டால் மற்றவர்கள் மழுப்புவார்கள், இவர் பட்டென்று பெயரைச் சொல்லிவிடுவார். அணித் தேர்வு பற்றிய பேச்சென்றால் அவர்தான். ஆனால் ஒரு சீசனுக்கு 74 ஆட்டம். இரண்டாவது வாரத்திலேயே எந்த ஜோக்கும் பழசாகிவிடும்.

ஒருவரை எடைபோட எனக்கு ஒரே கேள்வி போதும்: சொல்வதைப் பந்து விழுவதற்கு முன் சொல்கிறாரா, பின் சொல்கிறாரா? சிக்ஸர் போன பிறகு ‘அங்கே போட்டிருக்கக் கூடாது’ என்பதை யாரும் சொல்லலாம். முன்கூட்டிச் சொல்ல ஃபீல்டிங்கை எண்ணத் தெரிய வேண்டும். பவர்பிளே (முதல் ஆறு ஓவர்) முடிந்தபின் மைதானத்தின் உள்வட்டத்துக்கு வெளியே அதிகபட்சம் ஐந்து பேர்தான் நிற்கலாம். வலது கை பேட்ஸ்மேனுக்கு ஆஃப் பக்கத்தில் (மட்டைப் பக்கம்) தேர்ட் மேனும் டீப் பாயிண்டும் எல்லையில் நிற்க, கால் பக்கத்தில் பின்னால் நிற்கும் ஃபைன் லெக் வட்டத்துக்குள் வந்துவிட்டால் திட்டம் வைட் யார்க்கர், அதாவது ஆஃப் பக்கம் தள்ளி மட்டையின் அடியில் விழும் பந்து. பந்து கொஞ்சம் தப்பி லெக் ஸ்டம்புக்குப் போனாலும் ஃபைன் லெக் தலைக்கு மேல் பவுண்டரி. அதுவே ஃபைன் லெக்கையும் டீப் ஸ்கொயர் லெக்கையும் பின்னால் தள்ளி தேர்ட் மேனை உள்ளே கொண்டுவந்தால், பெரும்பாலும் பிட்ச்சில் குத்திப் போடும் ஸ்லோ பவுன்சர். ஓவர்களை நேரத்துக்கு முடிக்காத அணிக்குக் கடைசியில் நான்கு பேர்தான் வெளியே. அதைக் கவனித்து, திறந்து கிடக்கும் பக்கத்தை முதலில் சொல்பவர்தான் நமக்கு வேண்டியவர். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் அடித்த பத்ரி இந்தக் கணக்கைச் சரளமாகப் போடுகிறார். அவர் கணிப்பு தவறினாலும் பார்ப்பவருக்கு லாபம்தான், அடுத்த பந்துக்கு நாமே ஃபீல்டிங்கைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

சில சமயம் பத்ரியின் குரல் ஒரே சுருதியில் ஓடுகிறது என்ற குறையை ஏற்கலாம். சீக்கா பக்கத்தில் இருந்தால் அதுவும் தெரிவதில்லை.

தொகுப்பாளர் விஷயம் வேறு. டாஸுக்கும் முதல் பந்துக்கும் இடையே அரை மணி நேரம், அதிலும் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு. மிச்ச நேரத்தை மூன்று பேருக்குப் பிரித்துத் தர வேண்டும். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து நீட்டிக் கேட்டால் எதிரே இருப்பவர் ‘ஆமாம், கண்டிப்பா’ என்று முடித்துவிடுவார். பாவனா பாலகிருஷ்ணன் போன்றவர்கள் குறுகக் கேட்டு ஒதுங்கிக்கொள்வதால் எதிரே இருப்பவருக்கு நாலு வாக்கியம் பேச இடம் கிடைக்கிறது. சினிமாப் பிரபலத்தை அழைத்துவரும் நாளில் அந்த இடமும் போச்சு.

டெஸ்ட்டுக்கு இதே அளவுகோல் சரிவருமா என்பது எனக்கே சந்தேகம். அங்கே வட்டத்துக்கு வெளியே இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு கிடையாது, ஒரு பொறியை விரிக்கவே பத்து ஓவர் ஆகலாம். அந்த இடைவெளியை நிரப்ப சீக்காவின் பழங்கதைகள்தான் கைகொடுக்குமோ என்னவோ.