நேர் டப்பாவா, பல கட்டமா?
காரைக்குடிப் பக்கம் ஜியோகேச் (மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்க ஒளித்து வைக்கும் டப்பா) வைக்க இரண்டு வழி. நேர் டப்பா, ஜிபிஎஸ் காட்டும் இடத்திலேயே இருக்கும். 2000 மே 3-இல் அமெரிக்காவின் ஓரிகனில் வைத்த முதல் ஜியோகேச் வாளியும் இந்த வகைதான் (அதைப் பாதி புதைத்திருந்தார்கள், இப்போது புதைக்கக் கூடாது). ஊருணிக் கரைக்குச் சரி. கானாடுகாத்தானில் சிக்கல்: வீட்டின் முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. அம்புக்குறி முற்றத்தைக் காட்டும். நாம் திண்ணையோரம் திருதிருவென்று முழிப்போம். "என்ன தம்பி தேடுறீங்க?" என்பார் ஆச்சி.

இரண்டாவது வழியான பல கட்டத்தில் தெருவில் டப்பாவே வேண்டாம். முகப்புத் தூண்களை எண்ணினால் அடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண் கிடைக்கும். டப்பா கடைசியில், ஊருக்கு வெளியே. என் ஓட்டு இதற்கே. எண்ணிக்கை தப்பினால் மட்டும் வேறெங்கோ போய் நிற்க வேண்டியதுதான்.