ஓட்டையும் கறையும் உள்ள ராஜாக்கள்: ஸ்டாக்ஹோம் அரண்மனை நிலவறையில் ஒரு பகல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 26 வருடம் செக்கிங்கில் இருந்தவன் நான். தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். ஓட்டை இருந்தால் ஒரு அம்பு ஸ்டிக்கர், கறை இருந்தால் இன்னொரு அம்பு ஸ்டிக்கர், பீஸ் தனியாகப் போய்விடும். ஓட்டையும் கறையும் இருக்கிற காரணத்துக்காகவே ஒரு துணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நானூறு வருடமாகக் காத்து வருகிற இடம் உலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அந்த இடத்துக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

இடத்தின் பெயர் லிவ்ருஸ்ட்கம்மரென். அரசரின் படைக்கல அறை என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டாக்ஹோம் அரண்மனையின் நிலவறையில் இருக்கிறது. மகள் உப்சாலாவில் படிக்கிறாள். அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்டாக்ஹோம், அப்புறம் மெட்ரோவில் காம்லா ஸ்தான் என்கிற பழைய ஊர், அங்கிருந்து கல் பாவிய சந்துகள் வழியாகப் பத்து நிமிட நடை. அரண்மனையின் பக்கவாட்டில் சரிந்து இறங்கும் ஸ்லோட்ஸ்பாக்கன் மேட்டில்தான் நுழைவாயில். நவம்பர் கடைசி. மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்பதால் காலையிலேயே போய்விட்டோம். உள்ளே போனால் அங்கேயும் அரையிருட்டு. சிலர் இதைக் குறையாகச் சொல்லக்கூடும், நான் சொல்ல மாட்டேன். வெளிச்சம் துணியைத் தின்னும். சாயம் போவது மட்டுமில்லை, நூலே இற்றுப்போகும். அந்த மங்கலைப் பார்த்ததுமே, துணி தெரிந்தவர்கள் நடத்துகிற இடம் என்று ஒரு மரியாதை வந்தது.

ஆரம்பித்த கதையே விசித்திரமானது. ஸ்வீடன் ராஜா இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் 1627இல் போலந்துக்கு எதிராகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அதே வருடத்தில் இரண்டு முறை குண்டடி பட்டார். மறு வருடம், 1628இல், அந்த இரண்டு சமயத்திலும் தான் உடுத்தியிருந்த துணிகளைத் தூக்கிப் போடாமல் என்றென்றும் நினைவாக வைக்கச் சொன்னார். ஸ்வீடனின் மிகப் பழைய அருங்காட்சியகம் அப்படித்தான் தொடங்கியது. கிரீடத்தை வைக்கச் சொல்லவில்லை, ரத்தம் பட்ட துணியை வைக்கச் சொன்னார். விளம்பரம் தெரிந்த மனுஷன் என்று மகளிடம் சொன்னேன். "அப்பா, மெதுவாப் பேசுங்க" என்றாள்.

இரண்டாவது குண்டு, டிர்ஷாவ் என்ற இடத்தில் பட்டது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அப்படியே தங்கிவிட்டது. வைத்தியர்களால் எடுக்க முடியவில்லை. அதன் மேல் இரும்புக் கவசம் அழுத்தினால் வலி. அதனால் அதற்குப் பிறகு போருக்கு அவர் எல்க் என்கிற பெரிய மானின் தோலில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனார். 1632 நவம்பர் 6, ஜெர்மனியில் லுட்சென். ஐரோப்பாவில் கத்தோலிக்கர்களுக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த முப்பதாண்டுப் போரின் நடு. காலையில் கடும் பனிமூட்டம், போதாததற்கு அவருக்குக் கிட்டப்பார்வை. குதிரைப்படையோடு போனவர் எதிரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். கையில் ஒரு குண்டு, முதுகில் ஒரு குண்டு, விழுந்த பிறகு தலையில் ஒன்று. அவரைச் சுமந்த குதிரை ஸ்ட்ரைஃப் ஆளில்லாத சேணத்தோடு ஓடி வந்ததைப் பார்த்துத்தான் ராஜாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சிப்பாய்கள் தெரிந்துகொண்டார்கள். உடலைத் தேடிக் கண்டுபிடித்தபோது கொள்ளையடித்தவர்கள் எல்லாவற்றையும் உருவிவிட்டிருந்தார்கள், உள்சட்டைதான் மிச்சம். அன்றைய சண்டையில் ஜெயித்தது என்னவோ ஸ்வீடன் பக்கம்தான்.

அந்த ஸ்ட்ரைஃப் இங்கே நிற்கிறது. பாடம் செய்த குதிரை. அதுவும் காயம்பட்டு, 1633இல் வோல்காஸ்ட் துறைமுகத்தில் செத்தது. தோலை மட்டும் ஸ்வீடனுக்கு அனுப்பி, மரச்சட்டத்தின் மேல் போர்த்தினார்கள். ஸ்ட்ரைஃப் என்பது குதிரையை விற்ற கர்னலின் பெயர். விலை 1000 ரிக்ஸ்டாலர். அந்தக் காலத்துச் சாதாரணக் குதிரை பத்து வாங்கலாம் அந்தக் காசுக்கு. நேரில் பார்க்கக் கம்பீரம் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் ஒடுங்கி, ரோமம் வெளுத்து, வயதான வில்வண்டிக் குதிரை மாதிரி இருக்கிறது. ஆனால் எதிரில் நிற்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது. இது ராஜாவை விழுவதற்கு முன் சுமந்த முதுகு, சிலை இல்லை.

தோல் கோட்டின் கதை தனி. லுட்சென் களத்தில் எதிரிப்படை அதை எடுத்து வியன்னாவில் பேரரசருக்கு அனுப்பிவிட்டது, வெற்றிச் சின்னமாக. முந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அது அங்கேயே இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு பசியில் கிடந்த ஆஸ்திரியாவுக்கு ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் உதவி செய்தது. அதற்கு நன்றியாக 1920இல் கோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கோட்டும் ரத்தக்கறை படிந்த சட்டைகளும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. பழக்கதோஷம், எனக்கு முதலில் கண் போனது தையலுக்குத்தான். இவ்வளவு தடித்த தோலில் ஊசி ஏற்றியவனின் விரல் என்ன பாடுபட்டிருக்கும்! அதற்கு அப்புறம்தான் ஓட்டைகளைப் பார்த்தேன்.

குஸ்தாவ் அடால்ஃப் இறந்தபோது மகள் கிறிஸ்டினாவுக்கு ஆறு வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. சான்சலர் ஆக்செல் ஊக்சென்ஷார்னா நாட்டை நடத்தினார். அவள் வளர்ந்து ராணியாகி, 1654இல் உப்சாலா கோட்டையில் முடியைத் துறந்து, கத்தோலிக்கராக மாறி, ரோமில் போய்க் குடியேறினாள். கத்தோலிக்கர்களை எதிர்த்த போரில் அப்பா செத்தார், மகள் அதே கத்தோலிக்க மதத்தில் சேர்ந்துவிட்டாள். நான் இதைச் சொல்லி மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்து நீங்கள் நின்று பார்க்க வேண்டியது பன்னிரண்டாம் கார்ல் அணிந்திருந்த சீருடை. ஒரு அலங்காரமும் இல்லாத நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், பெரிய பூட்ஸ், கையுறை, கறுப்புத் தொப்பி. ராஜாவின் உடுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சிப்பாய் உடுப்பு. 15 வயதில் பட்டத்துக்கு வந்தவர். 1700இல் நார்வாவில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ரஷ்யப் படையை உடைத்தார். 1709இல் போல்தாவாவில் அதே ரஷ்யாவிடம் எல்லாவற்றையும் இழந்தார். பிறகு ஐந்து வருடம் துருக்கி சுல்தானின் மண்ணில் விருந்தாளியாகவும் பாதிக் கைதியாகவும் காலம் தள்ளினார். 1718 நவம்பர் 30 ராத்திரி, நார்வேயில் ஃப்ரெட்ரிக்ஸ்டன் கோட்டையை முற்றுகையிட்டபோது, பதுங்குகுழியின் விளிம்புக்கு மேலே தலையை நீட்டியவர் குண்டு பட்டு இறந்தார். தொப்பியில் அந்த ஓட்டை இருக்கிறது. கையுறையில் ரத்தம். பதுங்குகுழிச் சேறுகூட இன்னும் ஒட்டியிருக்கிறது. எங்கள் கம்பெனியில் வாஷிங்குக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன், இங்கே அந்தச் சேற்றுக்குத்தான் காவல்.

சுட்டது எதிரியா, சொந்த ஆளா என்று அன்றிலிருந்து சண்டை. மச்சான் ஃப்ரெட்ரிக் மேலேகூடச் சந்தேகம், ஏனென்றால் கொஞ்ச நாளில் அவரே ராஜாவானார். சவப்பெட்டியை 1746, 1799, 1859, 1917 என்று நான்கு முறை திறந்து மண்டையோட்டைப் பார்த்தார்கள். 2022இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் செயற்கை மண்டையோடுகளில் சுட்டுப் பார்த்து, ஈயக் குண்டாக இருக்காது, கோட்டையிலிருந்து வந்த இரும்புக் குண்டாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். இருந்தாலும் பொத்தான் கதை சாகவில்லை. ராஜாவுக்கு மந்திரக்காப்பு உண்டு, சாதாரணக் குண்டு துளைக்காது, அதனால் அவருடைய சொந்தக் கோட்டுப் பொத்தானையே குண்டாக்கிச் சுட்டார்கள் என்று ஊருக்குள் பேச்சு. 1924இல் அப்படியொரு பொத்தான், இரண்டு அரைக்கோளப் பித்தளைக்குள் ஈயம் அடைத்தது, கிடைக்கவும் செய்தது.

இதில் எனக்கு ஒரு ஏமாற்றம். முதல் நாள் நாங்கள் போன ஒரு நடைப்பயணத்தில், வழிகாட்டிப் பையன் அந்தப் பொத்தான் அரண்மனை நிலவறையில் இருப்பதாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். பொத்தானும் காஜாவுமாக வாழ்ந்தவன் நான், ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. வந்து ஒவ்வொரு பெட்டியாகத் தேடினேன். கடைசியில் மகள் போனில் பார்த்துச் சொன்னாள்: அது மேற்குக் கடற்கரையில் வார்பெர்க் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். நடைப்பயணத்துக்குக் காசு கொடுக்கும் முன் யோசியுங்கள்.

ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. இது அரசரின் அறை, அதனால் அரசர்களின் துணி. சரி. ஆனால் வடக்கே பிக்தெயோ என்று ஒரு சின்னத் திருச்சபை வட்டாரம். 1621இலிருந்து 1639 வரை அங்கிருந்து 230 பேரைப் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 215 பேர் செத்தார்கள். இன்னும் 5 பேர் ஊனமாகித் திரும்பினார்கள். கார்ல் செத்த அதே குளிர்காலத்தில், ஜெனரல் ஆர்ம்ஃபெல்ட் தலைமையில் நார்வே மலைகளைக் கடந்து திரும்பிய படையில் சுமார் 3000 பேர் பனிப்புயலில் உறைந்து போனார்கள். அவர்கள் போட்டிருந்த கோட்டு எவ்வளவு தடிமன், உள்ளே லைனிங் இருந்ததா, யார் தைத்தது? எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை. அந்தத் துணிகளை யாரும் என்றென்றும் நினைவாக வைக்கச் சொல்லவில்லை.

ராஜா மூன்றாம் குஸ்தாவின் பகுதி நாடகம்தான், வேறு வார்த்தை இல்லை. நாடகம் எழுதுவார், நடிப்பார், ஸ்டாக்ஹோமில் ஆப்பரா அரங்கம் கட்டினார். 1788இல் ரஷ்யாவோடு போர் வேண்டும் என்று ஆசை. ஆனால் தாக்குதல் போரைத் தொடங்க நாடாளுமன்றச் சம்மதம் வேண்டும். அதனால் ரஷ்யாவே முதலில் அடித்த மாதிரி எல்லையோரப் பூமலாவில் ஒரு தாக்குதலை ஏற்பாடு செய்தார்கள். போலி ரஷ்யச் சிப்பாய்களுக்கு உடுப்பு தைத்துக் கொடுத்தது ஆப்பராவின் தையலறை! அந்தத் தையல்காரர்களை நினைத்துக்கொண்டே நின்றேன். ஆர்டர் வந்தது, தைத்தோம், அனுப்பினோம். எந்த நாடகத்துக்கு என்று கேட்டிருப்பார்களா?

அதே ஆப்பராவில் 1792 மார்ச் 16, முகமூடி நடனம். வராதீர்கள், கொல்லப் போகிறார்கள் என்று பெயரில்லாக் கடிதம் வந்தது. படித்துவிட்டுத்தான் போனார். முகமூடி போட்டவர் மார்பில் செராஃபிம் என்கிற அரச விருதின் வெள்ளி நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு போனார், அப்புறம் முகமூடி எதற்கு? யாக்கோப் யோகான் ஆங்கர்ஸ்த்ரோம் பின்னாலிருந்து சுட்டான். துப்பாக்கிக்குள் இரண்டு குண்டும் சில்லறைக் குண்டுகளும் ஆணிகளும். ராஜா உடனே சாகவில்லை, புண் அழுகி மார்ச் 29இல் இறந்தார். தரையில் கிடந்த துப்பாக்கியை நகரத்தின் துப்பாக்கிக் கொல்லர்களிடம் காட்டினார்கள். ஒருவர் இது இன்னாருடையது என்று அடையாளம் சொல்லிவிட்டார், மறுநாளே ஆள் கைது. கைவேலைக்காரன் தன் வேலையை மறப்பதில்லை. எந்த லைனில் எந்தப் பெண் தைத்த பீஸ் என்று என்னாலும் சொல்ல முடியும். உடுப்பு, முகமூடி, துப்பாக்கி, கத்தி, கடிதம் எல்லாம் இங்கே இருக்கின்றன. ஒரு வழக்கின் மொத்தச் சாட்சியத்தையும் ஒரே இடத்தில் பார்ப்பது போல.

கீழ்த்தளத்தில் தங்கமுலாம் பூசிய வண்டிகள். குழந்தைகளுக்குப் பிடிக்கும், நான் பத்து நிமிடத்தில் கடந்தேன். சோஃபியா மக்தலேனாவின் 1766 திருமண உடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெள்ளிச் சரிகை, இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து மேசை போல விரியும் பாவாடை. அதில் கதவுக்குள் நேராக நுழைய முடியாது.

உப்சாலா பேராலயத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன். 1567இல் ராஜா பதினான்காம் எரிக் கோபத்தில் கொன்ற பிரபு ஸ்வாந்தே ஸ்தூரே, அவருடைய இரண்டு மகன்கள், மூன்று பேரின் உடைகளும் அங்கே உள்ளன. ஸ்வாந்தேயின் மனைவி மார்த்தா ஒரு பெட்டியில் பூட்டி வைத்தவை. ராஜா தன் ரத்தத்தைக் காட்ட வைத்த துணிகளுக்கும், ஒரு அம்மா ராஜா செய்த கொலையைக் காட்ட வைத்த துணிகளுக்கும் நடுவில் ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

நேரம் இரண்டரை மணி ஒதுக்குங்கள். படிக்கும் கண்ணாடி கட்டாயம். யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று முன்னாலேயே படித்துவிட்டுப் போனால் நல்லது, இல்லாவிட்டால் பழைய கோட்டுகளின் வரிசையாகத்தான் தெரியும். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அந்த அரை, பிக்தெயோக்காரர்களுக்காக நான் பிடித்துவைத்திருப்பது.

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. பன்னிரண்டாம் கார்லின் துருக்கி வாசத்தின் மிச்சம் என்று இங்கே சொல்லப்படும் கோல்டோல்மர் கிடைக்குமா என்று தேடினோம். அரிசியும் கொத்துக்கறியும் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டியது. அவர் இறந்த நவம்பர் 30ஐ இப்போது கோல்டோல்மர் நாளாகவே வைத்திருக்கிறார்கள். குஸ்தாவ் அடால்ஃபுக்கு நவம்பர் 6இல் தலை பதித்த கேக், இவருக்கு முட்டைக்கோஸ். சந்துக்குள் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. வெளியே சூடு, நடுவில் ஐஸ். மைக்ரோவேவில் இன்னும் இரண்டு நிமிடம் வைத்திருக்கலாம். திருப்பிக் கொடுக்க மகள் விடவில்லை, நான் ஓரத்தை மட்டும் சுற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.