சேணம் வாங்கப் போகிறீர்களா? குதிரையைப் பார்க்காத கடையில் காசு கொடுத்துவிடாதீர்கள்

பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மாட்டுக் கொட்டகையில் இப்போது ஒரு குதிரையும் நிற்கிறது. அந்தியூர் ஆடிச் சந்தையில் பிடித்து வந்த பெட்டை, கத்தியவார் கலப்பு. காதுகள் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொடும். ஒரு வருடம் கோணியும் கம்பளியும் போட்டே ஓட்டினேன். போன தை மாதம்தான் நல்ல சேணமாக ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினேன். அந்தச் சேணத்துக்கு 34,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதைதான் இது. கடையின் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை, புகார் போட்டிருக்கிறேன்.

கடைக்காரர் என்னைத்தான் அளந்தார். இடுப்பைப் பார்த்தார், தொடையைப் பார்த்தார், “உங்களுக்கு 17 இஞ்ச் சரியா இருக்கும் சார்” என்றார். குதிரையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நானாகத்தான் சொன்னேன், “எங்க குதிரைக்கு முதுகு கொஞ்சம் ஒடுக்கம், பிடரி முடியிற இடத்துல மேடு உசரம்” என்று. “அதெல்லாம் பார்க்காதீங்க சார், இது எல்லாக் குதிரைக்கும் உட்காரும், எக்ஸ்போர்ட் பீஸு, முழு எருமைத் தோலு” என்றார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். தோலின் பளபளப்பில் மயங்கிவிட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுத்தார்.

ஒரு வாரம் போனது. வயிற்றுவாரை இழுக்கும்போதெல்லாம் குதிரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு திரும்பிக் கடிக்க வந்தது. அதுவரை அது யாரையும் கடித்ததில்லை. ஆற்றுக்குள் இறங்கும் சரிவில் கால் எடுத்து வைக்க மறுத்தது. திமிர் பிடித்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் சாட்டையால் அடித்தேன். எழுதவே கூசுகிறது.

இருபதாம் நாள் கடைக்குப் போய்ச் சொன்னேன். “புது சேணம், பழகணும் சார். அடியில தடிமனா ஒரு பேட் போடுங்க” என்று 2,500 ரூபாய்க்கு அதையும் தலையில் கட்டினார். அந்தப் பேட் வலிக்கு மருந்து இல்லை, நாளைக் கடத்தும் தந்திரம் என்பது பிறகுதான் புரிந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். நான் பேட் போட்டுப் பழக்கிக்கொண்டிருந்ததில் அந்த 30 நாள் ஓடிவிட்டது.

ஆம்பூரில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். எழுபது வயதுக்கு மேல். பங்குனியில் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு அப்போதுதான் சேணத்தைக் கழற்றியிருந்தேன். வேலூர் வெயிலில் சும்மா நின்றாலே சட்டை நனையும். குதிரையின் முதுகு முழுக்க வியர்வை. மேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. “பாருங்க பாய், அந்த இடத்துல நல்லா காத்துப் போகுது” என்றேன் பெருமையாக.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினார். குதிரை முதுகைக் கீழே அமுக்கிக்கொண்டு நகர்ந்தது. “காத்து இல்லபா, அங்கதான் கடிக்குது. சுத்தி வேர்த்து நடுவுல காஞ்சிருந்தா அந்த இடம் நசுங்குதுன்னு அர்த்தம். விட்டா புண்ணாவும், ஆறினா வெள்ளை முடி முளைக்கும்” என்றார்.

பேட் இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைக்கச் சொன்னார். முன்வளைவுக்கும் முதுகு மேட்டுக்கும் நடுவில் விரல்களை நுழைத்துப் பார்க்கச் சொன்னார். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு விரல், மூன்று விரல் போக வேண்டுமாம். எனக்கு நன்றாகவே போனது. அதுதான் வில்லங்கம் என்றார். சேணத்துக்கு உள்ளே இருக்கும் கூடு மாதிரியான சட்டம் (ஃப்ரேம்) குறுகலாக இருந்தால் சேணம் உட்காராமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், மேட்டின் மேல் இடைவெளி தாராளமாகத் தெரியும், பக்கவாட்டில் இடுக்கி மாதிரி கவ்வும். அடியில் பேட் சேர்த்தால் கவ்வல் இன்னும் இறுகும். நான் காசு கொடுத்துச் செய்தது அதைத்தான். ஒடுக்க முதுகுதான் என் குதிரைக்கு, அந்தச் சட்டம் அதற்கும் குறுகல்!

பின்பக்கமும் பார்த்தோம். கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்புப் பக்கம் சேணம் போகக் கூடாது. இது நான்கு விரல் தாண்டியிருந்தது. என் விஷயத்திலும் அளவு சரியில்லை. கால் வைக்கும் அங்கவடியை மாட்டும் கொக்கி ரொம்ப முன்னால் தைக்கப்பட்டிருந்ததால் கால் முன்னால் போய், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் உட்கார முடிந்தது. இடுப்பு வலியை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். மறுநாள் “கொஞ்ச தூரம்தானே” என்று ஏறினேன். இடது பக்கம் வயிற்றுவாரை மாட்டும் தோல்பட்டை அறுந்தது. சேணம் சுற்றிக்கொண்டு, நான் கீழே. பாலாற்றில் மணல் மிச்சம் இருக்கும் இடமாகப் பார்த்து விழுந்ததால் தோள் மட்டும் பிசகியது.

அறுந்த பட்டையை மாமாவிடம் கொண்டுபோனேன். தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் வேலை செய்தவர். வெட்டுவாயைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மேலே பழுப்பு, நடுவில் வெளிறிய நீலம், நார் நாராக. “இது மேல்தோலே இல்லடா, ஸ்ப்ளிட்டு. தோலைக் கிடையா ரெண்டா அறுத்தா அடியில வருமே, அது. மேல பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கான்.” நகத்தால் உரித்து, உரிந்ததைத் தீக்குச்சியில் காட்டினார். சுருண்டு, பாலிதீன் கவர் எரிந்த நாற்றம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை நாடெல்லாம் அனுப்பிய ஊர்க்காரன் ஏமாந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கான்பூரில் இருந்து நல்ல சேணங்களும் வருகின்றன, எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை. மாமா சொன்ன ஒன்றைத்தான் திருப்பிச் சொல்கிறேன். செருப்புக்கு லாஸ்ட், அதாவது தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் அச்சு, எப்படியோ சேணத்துக்கு உள்ளே இருக்கும் சட்டம் அப்படி. லாஸ்ட் தப்பாக இருந்தால் மேலே எந்தத் தோலைப் போட்டாலும் கடிக்கும். வாங்கும் முன் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் தடித்த காப்பர் ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் முதுகின் மேல் வைத்து அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அட்டையைச் சேணத்தின் முன்வளைவுக்குள் வைத்துப் பாருங்கள். வைக்க விடாத கடைக்காரரிடம் பேசவே வேண்டாம். கோடையில் குதிரை இளைத்தால் அளவு மாறும், மறுபடியும் பாருங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துச் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதியாகிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, பொருள் வாங்கி இரண்டு வருடத்துக்குள் போடலாம். அறுந்த பட்டை, துண்டுச் சீட்டு, முதுகின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கால்நடை மருத்துவர் இரண்டு மாதம் முதுகில் எதுவும் வைக்கக் கூடாது என்றிருக்கிறார். தினமும் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் கூடவே நடக்கிறேன். சரிவில் இப்போது தானாகவே இறங்குகிறது. காய்ந்திருந்த இரண்டு இடத்திலும் வெள்ளை முடி வர ஆரம்பித்துவிட்டது.