பரணில் இருக்கும் ராஸ்பெர்ரி பையைக் கீழிருந்தே அணைப்பது: நாலு வருட அனுபவம்

எங்கள் வீட்டுப் பரணில் நாலு வருடமாக ராஸ்பெர்ரி பை 3 என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையும் ஈரப்பதமும் எடுத்து எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதும். விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர வயர்கார்டு என்ற விபிஎன், எல்லாமே அதில்தான். ஏணி போட்டால்தான் கைக்கு எட்டும். பவர் பட்டனும் கிடையாது. அந்த வசதி 2023-ல் வந்த பை 5-ல்தான் வந்தது.

அதனால் லேப்டாப்பின் டெர்மினலிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்தே இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) மூலம் நுழைந்து 'சூடோ பவர்ஆஃப்' என்ற அணைக்கும் கட்டளையை அடிப்பதுதான் வழி. இதில் சொல்ல அதிகம் இல்லை. அடித்ததும் டெர்மினல் உறைந்து நின்றால் என்டர், டில்டே, புள்ளி என்று வரிசையாகத் தட்டுங்கள், வெளியே வந்துவிடலாம். இது தெரியாமல் ரொம்ப நாள் டெர்மினல் ஜன்னலையே மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

பிரச்சினையே அதற்கப்புறம்தான். பை முழுசாக அணைந்ததா, கரண்டை நிறுத்தலாமா என்று கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்தால் பச்சை விளக்கைப் பார்க்கலாம். சீராகப் பத்து முறை மின்னிவிட்டு அணையும். சிவப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்; அடாப்டரிலிருந்து கரண்ட் வருகிறது என்பதைத் தாண்டி அதற்கு அர்த்தம் இல்லை.

நான் பிங்கை, அதாவது 'இருக்கிறாயா?' என்று நெட்வொர்க் வழியாகக் கேட்டுப் பார்க்கும் கட்டளையை, நம்பினேன். வைஃபை ஸ்மார்ட் பிளக் ஒன்று வாங்கி, லேப்டாப்பில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்: அணைக்கச் சொல், பிங் நின்றதும் ஒரு நிமிடம் பொறு, பிளக்கை ஆஃப் செய். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் காலையில் திரும்ப ஆன் செய்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போயிருந்தது. 'டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு' என்ற அந்த ஒற்றை வரியைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அணைக்கும்போது, பையில் ஓடும் லினக்ஸின் நிர்வாகியான சிஸ்டம்டி, பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸையும் 'முடித்துக்கொள்' என்று கேட்கும். முடிக்காவிட்டால் வழக்கமாக 90 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வலுக்கட்டாயமாக நிறுத்தும். என் பைத்தான் புரோகிராம் அந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டு லூப்பிலிருந்து வெளியே வராமல் அடம்பிடித்திருக்கிறது. நெட்வொர்க் மட்டும் சில வினாடியிலேயே போய்விட்டது. பிங் நின்றது, நிமிடம் முடிந்தது, பிளக் கரண்டை வெட்டியது. பை இன்னும் பாதி வழியில்! இத்தனைக்கும் அந்த லூப்பை எழுதியது நான்தான்.

எழுதிக்கொண்டிருந்த ஒரு வரி போனால் பரவாயில்லை. பை எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கும் எஸ்டி கார்டு அப்படி விடாது. ஃபைல் சிஸ்டம் பார்வையில் 4 கிலோபைட்தான் எழுதுகிறோம். கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் மெமரி அதைவிடப் பல மடங்கு பெரிய துண்டுகளாகத்தான் அழிபடும். அதனால் கார்டின் கன்ட்ரோலர் பழைய தகவலை அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால், நாம் தொடவே தொடாத ஃபைல்கூடச் சிதையலாம். எக்ஸ்ட்4 என்ற அந்த ஃபைல் சிஸ்டம், எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் இதையெல்லாம் காப்பாற்றாது. அஸ்திவாரமே ஆடும்போது மேலே கணக்குப்பிள்ளை எழுதி என்ன பயன்?

லூப்பைத் திருத்தினேன். சர்வீஸ் ஃபைலில் நிறுத்தக் காத்திருக்கும் நேரத்தை 10 வினாடியாகக் குறைத்தேன். பிங் நின்ற பிறகு இப்போது இரண்டு நிமிடம் விடுகிறேன். லாகையும் (சிஸ்டம் எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பு) கார்டிலேயே சேமிக்கச் சொல்லிவிட்டதால், அடுத்த தடவை ஆன் செய்ததும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் போன தடவை ஓடியபோது எழுதிய லாகைத் திறந்து கடைசி வரியைப் பார்ப்பேன். 'ஜர்னல் ஸ்டாப்டு' என்று முடிந்திருந்தால் நிம்மதி. வேறு எதிலாவது அந்தரத்தில் நின்றிருந்தால் ஏதோ சரியில்லை.

இன்னொரு கூத்து, பிளக் வாங்குவதற்கு முன்னால் நடந்தது. வெளியூரில் இருந்தேன். இரண்டு டெர்மினல்: ஒன்று மேஜையில் சோதனைக்கு வைத்திருந்த பை 4, மற்றது பரண் பை. சோதனை பையை அணைக்கப்போய் பரணில் இருப்பதை அணைத்துவிட்டேன். வயர்கார்டு அதில்தானே இருக்கிறது, நான் வெளியே மாட்டிக்கொண்டேன். அண்ணன் மகளுக்கு போன் போட்டு ஏணியில் ஏற்றினேன்.

"சித்தப்பா, சிவப்பு லைட்டு எரியுதே, ஓடிட்டுத்தானே இருக்கு?"

"பச்சை மின்னுதா பாரு."

"இல்ல."

"அப்ப ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகு."

ஏற்கெனவே முழுசாக அணைந்திருந்ததால் பிடுங்கியதில் பாதகமில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக 'மாலி-கார்டு' பேக்கேஜை இரண்டு பையிலும் போட்டேன். எஸ்எஸ்எச்சிலிருந்து அணைக்கச் சொன்னால் 'இந்த மெஷின் பெயர் என்ன?' என்று கேட்கும், தப்பாகச் சொன்னால் அணைக்காது. பத்து வினாடி எரிச்சல், அவ்வளவுதான். நேரம் வைத்து அணைக்கும் வசதியும் கைகொடுக்கும்: 'ஷட்டவுன்' என்று போட்டு பிளஸ் 10 கொடுத்தால் பத்து நிமிடம் கழித்து அணையும், மனசு மாறினால் 'ஷட்டவுன் மைனஸ் சி' அடித்து ரத்து செய்யலாம். ஒன்று கவனம்: கடைசி ஐந்து நிமிடம் புதிதாக லாகின் செய்ய விடாது. ரத்து செய்ய நினைத்தால் திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள்.

ஸ்மார்ட் பிளக்கிலும் ஒரு பொறி உண்டு. அணைந்த பையை நெட்வொர்க் வழியாக எழுப்ப முடியாது, வேக்-ஆன்-லேன் அதில் கிடையாது. கரண்டை வெட்டித் திரும்பக் கொடுத்தாக வேண்டும். பை-ஹோல் அணைந்திருக்கும்போது, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் வீட்டில் இல்லை. என் பிளக் திணறிப்போய் ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று காட்டியது. அதனால் தினமும் காலை 6 மணிக்குத் தானாக ஆன் ஆகும்படி பிளக்குக்குள்ளேயே டைமர் வைத்துவிட்டேன். பிளக் ஆஃபில் மாட்டிக்கொண்டாலும் ஒரு நாளுக்கு மேல் பை அணைந்து கிடக்காது.

போன மாதம் பையின் 5-ஆம், 6-ஆம் பின்களிலிருந்து இரண்டு ஒயரைப் பரணிலிருந்து கீழே தொங்கவிட்டு ஒரு பட்டன் மாட்டினேன். கான்ஃபிக் ஃபைலில், அந்தப் பின்னை அணைக்கும் பட்டனாக்கும் ஜிபிஐஓ ஷட்டவுன் ஓவர்லே என்ற அமைப்பைச் சேர்த்தால் அமுக்கினால் அணைகிறது, மறுபடி அமுக்கினால் எழுகிறது. ஐ2சி என்ற இணைப்பு முறையில் ஓடும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது இடிக்கும், அதே 5-ஆம் பின் அதற்கும் வேண்டும்.